மெக்னீசியம் கிட்டும் அந்தக் கத்திரிப்பூ நிறமும்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "புதுசா ரீஃப் டேங்க் போட்டிருக்கேன், மெக்னீசியம் டெஸ்ட் கிட் வாங்கலாமா?" ரீஃப் டேங்க் என்றால் வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி; அந்தத் தண்ணீரில் மெக்னீசியம் எவ்வளவு என்று அளப்பதுதான் இந்தக் கிட். ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்து, பத்து நிமிடம் திட்டித் தீர்த்துவிட்டேன். மூன்று வருடமாக ஒரே கம்பெனியின் கிட்தான். இப்போது ஓடுவது நாலாவது டப்பா. இவ்வளவு திட்டுகிறவன் ஏன் நாலு டப்பா வாங்கினான் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

என் எரிச்சல் எல்லாம் அந்த நிறத்தின் மேல்தான். இரண்டு மில்லி டேங்க் தண்ணீரில் சில சொட்டு மருந்தும் கொஞ்சம் பொடியும் போட்டுக் கலக்கினால் ரோஸ் நிறம் வரும். அப்புறம் சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போக வேண்டும், நீலமாகும்வரை. கேட்க எளிது. ஆனால் ரோஸுக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு கத்திரிப்பூ நிறம் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. முடிந்துவிட்டதா, இன்னும் விட வேண்டுமா? மஞ்சள் பல்பின் கீழே ஒரு மாதிரி தெரியும், ஜன்னலோரம் வேறு மாதிரி. டேங்கின் விளக்குப் பக்கம் போனால் எல்லாமே நீலம்! என் கிட்டில் சிரிஞ்சிலிருந்து விடும் 0.02 மில்லிக்கு 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) என்று கணக்கு. இரண்டு சொட்டு தயங்கினால் அளவு எங்கேயோ போய்விடும். போதாததற்கு, சிரிஞ்சுக்குள் நிற்கும் காற்றைத் தவறு என்று நினைத்து வெளியேற்றப் பார்த்தே முதல் டப்பாவில் பாதி மருந்தை வீணாக்கினேன். அந்தக் காற்று இருந்துவிட்டுப் போகட்டும், பிஸ்டன் ரப்பரின் விளிம்பில் அளவைப் பார்த்தால் போதும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புள்ள கடல்நீரில் மெக்னீசியம் ஏறக்குறைய 1290 பிபிஎம் இருக்கும், கால்சியத்தைப் போல மூன்று மடங்கு. பவளம் அதில் எடுத்துக்கொள்வது சொற்பம். பாறை மேல் ஊதாப் படலமாகப் படரும் கோரலைன் பாசி கொஞ்சம் எடுக்கும். ஆனால் கால்சியம் கார்பனேட் படிகம் வளரும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, கண்ட இடத்தில் படியாமல் தடுப்பது இந்த மெக்னீசியம்தான். முதல் வருடம் என் டேங்கில் கால்சியமும் ஆல்க்கும் (ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் காரத்தன்மை) எவ்வளவு ஊற்றினாலும் ஏறவில்லை, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. கிட் வாங்கிப் பார்த்தால் மெக்னீசியம் 1110. ஒரு நாளைக்கு 100 பிபிஎம்முக்கு மேல் போகாமல் மெல்ல ஏற்றினேன். ஆல்க் அடங்கி நின்றது. அந்த மாதம் இந்தக் கிட்டைத் தலையில் வைத்துக்கொண்டாடினேன்.

இரண்டாம் வருடம்தான் சண்டை. எப்போது அளந்தாலும் 1170. புதிதாகக் கலக்கிய உப்புத் தண்ணீரிலும் 1170. கிட் காலாவதி ஆகிவிட்டது என்று புது டப்பா வாங்கினேன். அதிலும் அதே எண். பிறகு உப்பு கம்பெனியைத் திட்டினேன். கடைசியில் அலுத்துப்போய் மெக்னீசியம் ஊற்றி 1290க்குக் கொண்டுவந்தேன்.

சில வாரம் கழித்து, கருவியைச் சரிபார்க்க உதவும் 35 பிபிடி கேலிப்ரேஷன் திரவம் ஒரு சொட்டு கைக்குக் கிடைத்தது. உப்பின் அளவு காட்டும் என் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் பார்த்தால் 38 காட்டுகிறது. அதுவரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்ததோடு நிறுத்தியிருந்தேன். அதாவது நான் 35 என்று நம்பிய தண்ணீர் உண்மையில் 32. உப்பு குறைந்தால் மெக்னீசியமும் அதே விகிதத்தில் குறையும்தானே! கிட் பல மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, கேட்க எனக்குத்தான் காதில்லை. உப்பை மெதுவாக 35க்கு ஏற்றியதும், நான் வீம்புக்கு ஊற்றிய மெக்னீசியமும் சேர்ந்து 1410இல் போய் நின்றது. நல்லவேளை, பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, மூன்று வருடத்தில் இந்தக் கிட் என்னிடம் ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. அப்படியும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். அவருடையது சின்ன டேங்க், எல்லாம் கல் போன்ற கூடு கட்டாத மென்பவளம், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறார். குறைகிற கொஞ்சநஞ்ச மெக்னீசியத்தை புதுத் தண்ணீரில் கலக்கும் உப்பே கொடுத்துவிடும். முதலில் கேலிப்ரேஷன் திரவம் வாங்கட்டும். கல்பவளம் வைத்து, கால்சியமும் ஆல்க்கும் தினமும் ஊற்றும் நிலை வந்தால் அப்போது பார்க்கலாம். மாதம் இரண்டு முறை அளந்தால் தாராளம். நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. அந்த நிறத்துக்காகவே மூன்றைப் பிடுங்கிவிட்டேன்.

இன்று காலை அளந்தேன். 1320 என்று எழுதிவைக்கப் போனபோது மகள் எட்டிப் பார்த்தாள். "இன்னும் கத்திரிப்பூதான்ப்பா."

இன்னொரு சொட்டு விட்டேன். 1350.