வாள், ஈட்டி வைக்க ஸ்டாண்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: காரைக்குடியில் எங்களுக்கு நடந்தது

வீட்டில் பழைய வாள், ஈட்டி, வேல்கம்பு வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டு செய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். காரைக்குடியில் பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் 22,000 ரூபாய் கொடுத்து நாங்கள் பட்டது இது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த ஏமாற்று ஒரு கடையோடு நிற்பதும் இல்லை.

அப்பச்சியின் (அப்பாவின்) எழுபது வயதுச் சாந்திக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடுவதால், பெட்டக அறையில் துணி சுற்றிக் கிடந்தவற்றை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், நிறுத்தலாம் என்று முடிவு செய்தோம். ஒரு வளைந்த வாள், காவல்காரர்கள் பிடித்த ஏழடி ஈட்டி இரண்டு, ஒரு வேல்கம்பு. 1801-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள்) ஆயுதங்களைப் பறித்த சீமை இது. மிஞ்சியிருப்பதே கொஞ்சம். அதனால் சுவரில் ஆணியடித்து மாட்டாமல், தரையில் நிற்கிற நல்ல ஸ்டாண்டாக வேண்டும் என்று கேட்டோம்.

"அண்ணே, பழைய வீடு இடிச்ச பர்மாத் தேக்கு. உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றார் கடைக்காரர். முழுப் பணமும் முன்பணமாகவே வேண்டும் என்றார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அளவு பார்க்க வேண்டும் என்று வாளையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

வந்து இறங்கிய ஸ்டாண்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் யாளி முகம், பச்சை வெல்வெட் ஒட்டிய பள்ளங்கள், பளபளவென்று பாலிஷ். ஆனால் வாளைப் பார்த்ததும் அப்பச்சி பேசவே இல்லை. எங்களைக் கேட்காமலே பஃபிங் மெஷினில் போட்டு எவர்சில்வர் கரண்டி மாதிரி மினுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். கைப்பிடியை ஒட்டி உளியால் வெட்டியிருந்த எங்கள் வீட்டு விலாச எழுத்து, அதாவது வீட்டு அடையாள எழுத்து, பாதி தேய்ந்துபோயிருந்தது. குடத்திலும் அண்டாவிலும் இருக்கிற அதே எழுத்து. விரலால் தடவினால் முன்பு தட்டுப்படும், இப்போது வழுக்குகிறது. "சும்மாவே பண்ணிக் குடுத்தேன்ணே, காசு வேணாம்" என்றார். பழைய இரும்பின் மேல் படிந்திருக்கும் கருமை அரிக்கும் துரு அல்ல, அழுக்கும் அல்ல. அந்த ஆயுதத்தின் வயதுக்கே அதுதான் சாட்சி. ராவி எடுத்துவிட்டால் திரும்ப வராது.

ஐப்பசி மழை பிடித்ததும் ஸ்டாண்டின் உண்மை தெரிந்தது. அடிப்பலகையின் ஓரம் தண்ணீர் குடித்து உப்பி, பாலிஷ் உரிந்து, உள்ளே பழுப்பு நிறத்தில் அட்டை போலப் பிரிந்தது. தேக்கு என்பது மேலே ஒட்டிய வெனீர், தாள் போன்ற மெல்லிய மரச் சீவல். உள்ளே முழுக்க எம்.டி.எஃப்., மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை. நிற்கிற சட்டங்களை அந்தப் பலகையின் விளிம்பில் ஆளுக்கு இரண்டு ஸ்க்ரூவில் பிடித்திருந்தார்கள். விளிம்பில் ஏற்றிய ஸ்க்ரூ எம்.டி.எஃப்.பில் பிடிக்காது, பிளந்துகொள்ளும்.

இதோடு எங்கள் தரையும் சேர்ந்துகொண்டது. மழைத் தண்ணீர் முற்றத்துக்கு ஓட வேண்டும் என்று வளவுத் தரைக்கு லேசாக வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஆத்தங்குடிக் கல் வேறு, வழுவழுப்பு. ஸ்டாண்டின் அடி அகலம் ஒரு சாண்தான். அதில் ஏழடி ஈட்டிகளின் இரும்பு முனையெல்லாம் உச்சியில். ஒரு நாள் காலையில் அப்படியே முற்றத்துப் பக்கம் சாய்ந்து விழுந்தது. ஈட்டி முனை குத்தி ஆத்தங்குடிக் கல் ஒன்று சில்லுப் பெயர்ந்தது. பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிற இடம் அது. அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

வாளைத் தூக்கிப் பார்த்தால், வெல்வெட் பட்ட இரண்டு இடத்திலும் குறுக்கே துருக்கோடு. வெல்வெட்டும் அதன் அடியில் தடவிய பசையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எம்.டி.எஃப்.பில் உள்ள பிசினிலிருந்து கசியும் ஆவியும் இரும்பை அரிக்கும். கடையில் போய்க் கேட்டதற்கு, "பழைய வாள்னா துரு பிடிக்கத்தான்ணே செய்யும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஃபாரின் பார்ட்டி இருக்கு, வாளை நானே நல்ல விலைக்கு எடுத்துக்கிறேன்" என்றார். எனக்கு அதுதான் அதிகக் கோபம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது.

ஆகவே, செதுக்கு வேலையைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டுப் பலகையின் வெட்டு முகத்தைப் பாருங்கள். நிஜ மரமென்றால் அங்கே வளையக் கோடும் பொடித் துளைகளும் தெரியும். மேல்பக்கம் போலவே நீளக் கோடு ஓடினால் அது ஒட்டுத்தாள். கவிழ்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். எடையைத் தூக்கிப் பார்த்து நம்பவும் வேண்டாம், எம்.டி.எஃப்.பும் நல்ல கனம் இருக்கும்.

ஈட்டிக்கு அடிக்கட்டையில் குழி வேண்டும், கம்பின் அடி அதில் இறங்கி உட்கார வேண்டும். மேல் பிடிமானம் பாதி உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஏழடி ஈட்டி என்றால் ஐந்தடி அளவில் இருந்தால் நல்லது. அடிப்பாகம் முன்பின்னாக ஒன்றரை அடியாவது அகலமும், நல்ல கனமும் வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் பின்பக்கம் சுவரோடு ஒரு கொக்கி போட்டுப் பிணைத்துவிடுங்கள். வளைந்த வாளைக் கூர்ப்பக்கம் மேலே, முதுகு கீழே இருக்கும்படி இரண்டு தாங்கியில் படுக்க வையுங்கள். ஒரு தாங்கி கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், கனம் அங்கேதான். தேக்கும்கூட நேரடியாக இரும்பில் படக் கூடாது, அதிலும் அமிலம் உண்டு. நடுவில் வெள்ளை பாலித்தீன் நுரைத் தாள் வைத்தால் போதும். தோல் உறைக்குள் வாளைப் போட்டு வைக்கவே வேண்டாம். வாளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் பிசுக்குப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயை மெலிசாகத் தடவி விடுங்கள்.

வாளை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். ஆசாரி வீட்டுக்கு வந்து அளவெடுக்கட்டும், இல்லையென்றால் அட்டையில் வரைந்து கொண்டுபோங்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள வாளும் ஈட்டியும் ஆயுதச் சட்டத்துக்குள் வருபவை. அதைத் தெருவில் கொண்டு அலைவதும் நல்லதல்ல.

இப்போது எங்கள் ஊர் ஆசாரி ஒருவர், வீட்டில் கிடந்த பழைய உத்திரத்தை அறுத்து, அடியில் கருங்கல் பலகை வைத்துப் புது ஸ்டாண்டு செய்து கொடுத்திருக்கிறார். பழையதற்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கையில் இருப்பது துண்டுச் சீட்டும் பணம் அனுப்பிய பதிவும்தான், அதை வைத்துத்தான் போராடுகிறோம். உங்கள் பில்லில் மரத்தின் பெயர், அளவு, "முழு மரம், ஒட்டுப்பலகை இல்லை" என்ற வரி, கடையின் முத்திரை எல்லாம் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.