பைபாஸும் பக்கவாத பயமும்: பம்ப் வைத்தா, வைக்காமலா?

அப்பாவுக்கு மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்று சேலத்தில் சொன்னதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "கை கால் விழுந்துவிடாதே?" என்பதுதான். செவ்வாய்ப்பேட்டையில் அப்படி ஆனவர் ஒருவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதயத்தை நிறுத்தி, அதன் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் (இதைத்தான் 'பம்ப்' என்கிறார்கள்) உதவியோடு செய்வது ஒன்று. துடிக்கும் இதயத்திலேயே தைப்பது இன்னொன்று. நெஞ்செலும்பைப் பிளப்பது, தழும்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்களை முடிவெடுக்க வைத்தது, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனி. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை, மண்டிக் கடையில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் பீடி. சிடி ஸ்கேனில் அந்தப் பெரிய குழாயின் சுவரில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. மெஷின் வைத்தால் அதில் குழாய் செருகி, குறுக்கே கிளாம்ப் (இடுக்கி) போட வேண்டும். துருப்பிடித்த பழைய பைப்பை ஸ்பேனரால் திருகுவது போலத்தான். உதிர்கிற துகள் மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பம்ப் இல்லை என்றாலே நிம்மதி என்றும் இல்லை. காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்துத் தைத்தால் அதன் ஒரு முனை பெரும்பாலும் மகாதமனிக்குத்தான் போகும், அதற்கும் பக்கவாட்டில் ஒரு கிளாம்ப் போடுவது வழக்கம். 2012இல் 4,752 பேரை வைத்து வந்த 'கரோனரி' ஆய்வில், 30 நாளில் பக்கவாதத்தைப் பொறுத்தவரை இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசலோ, மகாதமனியைத் தொடாமலே செய்தால் பம்ப் முறையைவிடப் பக்கவாதம் 78 சதவீதம் குறைவு என்றது. யாருக்கு எந்த முறை என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்காத ஆய்வுகளும் அதில் கலந்திருந்ததால், அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். திசையை நம்பலாம்.

அதனால் டாக்டரிடம் "பம்ப் உண்டா?" என்று கேட்பதைவிட, "மகாதமனியில் கை வைப்பீர்களா?" என்று கேளுங்கள். எங்கள் டாக்டர், இடது மார்புத் தமனியிலேயே முன்கைத் தமனியை ஒய் வடிவில் இணைத்து மூன்றுக்கும் கொண்டுபோகலாம் என்றார். இரண்டு மார்புத் தமனியையும் எடுத்தால், சர்க்கரைக்காரருக்கு நெஞ்செலும்புப் புண் ஆறச் சிரமமாம். முன்கைத் தமனியை எடுத்தாலும் கைக்கு ரத்தம் போகுமா என்று பார்க்க, அப்பாவை முஷ்டி மடக்கச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, விரித்ததும் சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விட்டார். வெளுத்த உள்ளங்கை மளமளவென்று சிவந்தது. "இந்தக் கையில் எடுக்கலாம்" என்றார்.

பம்ப் முறையைத் தள்ளிவிடவும் முடியாது. 2009இல் வந்த 'ரூபி' ஆய்வில், பம்ப் இல்லாமல் தைத்த இணைப்புகள்தான் ஒரு வருடத்தில் கூடுதலாக அடைத்திருந்தன. துடிக்கிற இதயத்தில் தைப்பது கைப்பழக்கம். எப்போதாவது செய்கிறவரிடம் அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். மகாதமனி சுத்தமாக இருந்தால் பம்ப்பே போதும் என்பேன். இதய பலம் குறைந்தவர்கள் கணக்கு வேறு, அப்பாவுக்கு அது நன்றாக இருந்தது.

அப்புறம், எந்த முறையானாலும் கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாளில் இதயத்துடிப்பு தாறுமாறாவது சகஜம், அப்பாவுக்கும் ஆனது. அதனாலும் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம் என்பதால், சில வாரம் ரத்தம் உறையாத மாத்திரை கொடுத்தார்கள்.