ஆறு அங்குலத் திரையில் ஐந்து பாகம்

நான் பெரிய படிப்பாளி கிடையாது. தூங்கப் போகும் முன் கொஞ்சம், பயணத்தில் கொஞ்சம், விடுமுறை நாளில் கதை பிடித்துக்கொண்டால் மட்டும் நிறைய. இப்படிப்பட்ட ஆளுக்கு மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள இ-ரீடர் கருவி தனியாகத் தேவையா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ஆறு அங்குலத் திரை, கறுப்பு வெள்ளை, விளக்கு உள்ள சாதாரண மாடல். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாவல் படிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கவிதையும் பிடிஎஃப்பும்தான் உங்கள் வாசிப்பு என்றால் வேண்டாம்.

திரையைப் பற்றி எல்லாரும் சொல்வது உண்மைதான். உள்ளே மிக நுண்ணிய கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்சாரம் தள்ளுகிற பக்கம் அவை நகர்ந்து எழுத்தாக நிற்கின்றன. நின்ற பிறகு அங்கேயே நிற்க மின்சாரம் வேண்டாம், பக்கம் புரட்டும்போதுதான் வேண்டும். அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் வருகிறது. விளக்கும் போனில் போலத் திரைக்குப் பின்னாலிருந்து நம் கண்ணை நோக்கி வராமல், ஓரத்திலிருந்து திரையின் மேல் பரவுகிறது. இருட்டறையில் படுத்துக்கொண்டு படித்தாலும் கண் எரிவதில்லை. வெயிலில் இன்னும் தெளிவு. பக்கம் புரட்டும்போது சில சமயம் திரை கறுத்து வெளுக்கும்; முதலில் உறுத்தும், அப்புறம் கண்ணில் படவே படாது.

இது வந்த பிறகு முதலில் எடுத்தது பொன்னியின் செல்வன். ஐந்து பாகம், அதுவும் நாட்டுடைமையான நூல் என்பதால் மின்னூலாக இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் புத்தகத்தில் முதல் பாகத்தைத் தாண்டாமல் அலமாரியில் வைத்திருந்தவன் நான். கை வலிக்காமல் ஒருக்களித்துப் படுத்தபடி படிக்க முடிந்ததில்தான் ஐந்தும் முடிந்தது என்று சத்தியம் செய்வேன். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை. ஒவ்வொரு அத்தியாயமும் ஆளைத் தொங்கவிட்டுத்தான் முடியும். போனில் படித்தால் அந்த இடத்தில் ஒரு வாட்ஸப் செய்தி வந்து நிற்கும், கதை போய்விடும். இதில் அடுத்த அத்தியாயத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஆனால் ஒரே மூச்சில் படிக்கும்போது வேறொன்று தெரிந்தது. போன வாரம் நடந்ததை வாசகருக்கு நினைவூட்ட ஆசிரியர் எழுதிய இடங்கள் நமக்குச் சொன்னதையே சொல்வதாகப் படுகின்றன. அங்கெல்லாம் வேகமாகத் தட்டிக்கொண்டு போனேன். வந்தியத்தேவன் குதிரையேறிப் போகிற பக்கங்களில் மட்டும் அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

பாத்திரம் நிறைய உள்ள கதைகளுக்குத் தேடும் வசதி பெரிய வரம். 'இவர் யார், எங்கே வந்தார்?' என்று குழம்பினால் பெயரை அழுத்திப் பிடித்துத் தேடினால் போதும், முதலில் வந்த இடம் கிடைத்துவிடும். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வைக்கிற ரஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்புகளை இப்போதெல்லாம் பயமில்லாமல் எடுக்கிறேன். அத்தியாயம் முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்று கீழே காட்டும் கணக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். கதை படிக்கிறோமா, பரீட்சை எழுதுகிறோமா என்று ஆகிவிடும்.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மின்னூல் கடைகளில் புத்தகத்தின் முதல் சில பக்கங்களை மாதிரியாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சுயமுன்னேற்றப் புத்தகங்களை இப்போது மாதிரியோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரும்பாலும் சொல்ல வந்தது அந்த மாதிரிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, மீதியெல்லாம் உதாரணம். சிறுகதைத் தொகுப்புக்கு இது நேர்மாறு. முதல் கதை சுமாராக இருந்து ஐந்தாவது கதை ஆளை உலுக்கிப்போட்டதும் உண்டு, அதனால் மாதிரியை நம்பிச் சிறுகதையைத் தள்ளாதீர்கள்.

குறைகளுக்கு வருவோம். தமிழ்ச் சொற்கள் நீளம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று சொல்தான் நிற்கும். இரண்டு ஓரமும் நேராக இருக்கவேண்டும் என்று கருவி அந்த மூன்றையும் இழுத்துப் பரப்ப, நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை. அமைப்பில் போய் இடது ஓரச் சீரமைப்புக்கு மாற்றினால் சரியாகிறது, எல்லாப் புத்தகத்திலும் அந்த வசதி இருக்காது. கவிதைக்குக் கேட்கவே வேண்டாம். கவிஞர் ஒரு வரியாக எழுதியது இரண்டாக மடங்கி விழும். எது அவர் முறித்த வரி, எது கருவி முறித்தது என்றே தெரியாது. கவிதை அச்சில்தான்.

பழைய நூல்களைப் படமெடுத்துக் கணினியால் எழுத்தாக்கிய மின்னூல்களில் பிழை மொய்க்கிறது. துணைக்காலை 'ர' என்று படித்துவிடுவதால் 'நான்' எல்லாம் 'நரன்' ஆகியிருக்கும். மனிதர்கள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்த பதிப்பைத் தேடி எடுங்கள். 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் தொட்டு நிறைய இருக்கிறது.

எடுக்கும்போது இபப் (EPUB) கோப்பாக எடுங்கள்; எழுத்தைப் பெரிதாக்கினால் அதற்கேற்ப வரிகள் மாறிக்கொள்ளும் மின்னூல் வடிவம் அது. அமேசானின் இ-ரீடரான கிண்டிலுக்கும் 2022 முதல் இபப் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பலாம். பிடிஎஃப்பில் பக்கம் நிலையாக நிற்கும். ஆறு அங்குலத்தில் எழுத்து எறும்பாகத் தெரியும், பெரிதாக்கினால் இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். பிடிஎஃப்தான் அதிகம் படிப்பீர்கள் என்றால் பத்து அங்குலத்துக்குக் குறைவாக வாங்காதீர்கள்.

வண்ணத் திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது காமிக்ஸ் படிப்பவர்களுக்கு மட்டும் நியாயம். சேமிப்பிடத்தையும் பார்த்து மயங்க வேண்டாம், நாவல் ஒன்று சில எம்பிக்குள் அடங்கிவிடும். விளக்கின் நிறத்தை இரவில் மஞ்சளாக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.