பாண்டிச் சந்துக் கடையும் பதினைந்து ரூபாய் பியசோ தகடும்

கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் இந்தத் தகடுகளை வாங்கி வந்து மூன்று மாதம் ஆகிறது. நன்றாகப் பாடுபடுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நான் மெக்கானிக்கல் பிரிவில் ஆராய்ச்சி மாணவி. ஆயில் இன்ஜின் ஓடும்போது வரும் அதிர்விலிருந்தே துளி மின்சாரம் எடுத்து, பேரிங் சூட்டைப் பார்க்கும் சென்சாரை பேட்டரி இல்லாமல் ஓட்ட வேண்டும். அதுதான் என் வேலை. அதற்கு வேண்டியது 27 மி.மீ. பியசோ தகடு. பித்தளை வட்டத்தின் நடுவே வெள்ளையாகப் பீங்கான் ஒட்டியிருக்கும். பஸ்ஸருக்குள் கீச்சிடுகிறதே, அதே சாமான். மின்சாரம் கொடுத்தால் வளையும், நாம் வளைத்தால் மின்சாரம் தரும். அழுத்தினால் மின்சாரம் வரும் என்பதை கியூரி சகோதரர்கள் 1880லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கடை புதுச்சேரி அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். முன்பு ஆன்லைனில் வாங்கிய பத்தில் நான்கு தகடு விரிசலோடு வந்திருந்தது. அதைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எடுத்துத் தகட்டின் இரண்டு ஒயரிலும் சேர்த்தார். மேஜையில் வைத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு. மினுக்கென்று எரிந்தால் என் பக்கம், இல்லையென்றால் குப்பை டப்பா. பன்னிரண்டு தகட்டைத் தட்டிப் பத்தை எடுத்துக் கொடுத்தார். ஒன்று 15 ரூபாய்.

“ஒயர் பிஞ்சுடுச்சுன்னா நீயே ஈயம் வச்சு ஒட்டிக்கலாம். ஆனா வெள்ளையில அயர்னை ரெண்டு செகண்டுக்கு மேல வைக்காதம்மா, வெள்ளிப் பூச்சு உரிஞ்சுடும்” என்றார். நான் கேட்கவில்லை. ஒரு தகடு போயிற்று.

நெல்லிக்குப்பம் பக்கம் மாமாவின் கரும்புக் கொல்லையில் இருக்கும் இன்ஜினில் மாட்டினேன். நிமிஷத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று, 25 ஹெர்ட்ஸ். தகட்டை அப்படியே இன்ஜின் மேல் ஒட்டினால் ஒன்றும் பெரிதாக வராது. ஆக்ஸா பிளேடின் ஒரு முனையை இறுக்கிப் பிடிக்க வைத்து, பிடிக்குப் பக்கத்தில் தகட்டை ஒட்டி, மறுமுனையில் ஒரு நட்டை வைத்தேன். நட்டை வெளியே தள்ளத் தள்ள பிளேடு மெதுவாக ஆடும். 25க்குச் சரியாக வந்த இடத்தில் பிளேடு கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அளவுக்கு ஆட ஆரம்பித்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. பொருத்தமான ரெசிஸ்டரில் சுமார் 80 மைக்ரோவாட் அளந்தேன் (ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவாட்).

உடனே ஒட்டும் பசை இதற்கு ஆகாது, அரை மணியில் விட்டுவிடுகிறது. இரண்டு குழாய் கலக்கும் எபாக்ஸிதான் நின்றது.

அதே கடையில் எல்டிசி3588 சிப் வைத்த மாட்யூலும் வாங்கினேன். தகட்டிலிருந்து துளித் துளியாக வரும் மின்சாரத்தைச் சேர்த்து, ஒரே வோல்ட்டேஜில் வெளியே கொடுப்பது அதன் வேலை. 3.3 வோல்ட்டுக்கு வைத்தால், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் 5 வோல்ட்டைத் தொடும்வரை காத்திருந்து அப்புறம்தான் கதவைத் திறக்கிறது. நான் வைத்த 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நிரம்ப இரண்டரை நிமிஷம். எல்.இ.டி. ஒரு நொடி எரிந்து அணைந்தபோது மாமா, “இதுக்கா இவ்ளோ பாடு?” என்று கேட்டார். ஆமாம், இதற்குத்தான். சூட்டை ஒருமுறை அளந்து சொல்ல இந்த ஒரு நொடி போதும்.

செல்போன் சார்ஜ் ஆகும் என்று வீடியோ பார்த்து வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். மைக்ரோவாட்டில் அது நடக்காது. இன்னொரு விஷயம்: லோடு ஏறி இன்ஜின் 1440 சுற்றுக்கு இறங்கினால் 24 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், வோல்ட்டேஜ் பாதிக்கும் கீழே விழுகிறது. இது தகட்டின் குறை இல்லை. ஒரே தாளத்துக்கு மட்டும் ஆடும் பிளேடின் சுபாவம் அது. என் மீதி ஆராய்ச்சி முழுக்க இதைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது.

கடைக்கு மதியம் போகாதீர்கள். ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். பில் கேட்டால் கையால் எழுதித் தருகிறார், கல்லூரியில் அதை ஏற்க வைக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. 35 மி.மீ. தகடு வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை காலையில் போகிறேன், எல்.இ.டி.யைக் கையோடு எடுத்துக்கொண்டு.