தேற்றாங்கொட்டை: விதையை வாங்குங்கள், தூளை விடுங்கள்

மாரி மழை அடித்தூற்றினால் எங்கள் கோண்டாவில் கிணற்றில் செம்மண் கலங்கல் ஏறிவிடும். அதற்காக யாழ்ப்பாண நகரின் நாட்டு மருந்துக் கடை ஒன்றில், கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் விதையான தேற்றாங்கொட்டை 100 கிராமும், அதே விதையின் தூள் ஒரு பைக்கற்றும் வாங்கினேன். "தூள்தான் சுகம், ரீச்சர். போட்டுக் கலக்கினால் போதும்" என்றார் கடைக்காரர். இரசாயனவியல் படிப்பித்தவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

விதைக்கு முழுப் புள்ளி தரலாம். மண்பானையின் உட்புறத்தில் சில சுற்று உரைத்து, நீர் ஊற்றி, மெதுவாகக் கலக்கி மூடினால் காலையில் மண் அடியில் படிந்திருக்கிறது. விதையில் உள்ள நீண்ட பல்சக்கரைட்டுச் சங்கிலிகள் (பல வெல்ல அலகுகள் கோத்தவை) மண் துகளில் பல இடங்களில் ஒட்டுகின்றன. மட்டத்தேளின் பிடிதான்: ஓரிரு கால் விலகினாலும் மற்றக் கால்கள் விடா. எஞ்சிய நுனி அடுத்த துகளைப் பிடிக்க, துகள்கள் திரண்டு கனத்து இறங்குகின்றன.

களிமண்ணுக்கும் மறை மின்னேற்றம், இச்சங்கிலிகளின் அமிலக் கூட்டங்களுக்கும் மறை ஏற்றம். ஒன்றையொன்று தள்ளத்தான் வேண்டும். ஆனால் நம் சுண்ணாம்புக்கல் நிலத்து நீரில் தாராளமாக உள்ள கல்சியம் அயன்கள், இரட்டை நேர் ஏற்றத்தோடு நடுவில் நின்று இரண்டையும் இணைத்துவிடுகின்றன. கேத்திலில் வெள்ளைப் படலம் விடுகிறதென்று நாம் திட்டும் அதே கல்சியம்! கூரையில் பிடித்த மழைநீரில் அது குறைவு. அங்கே விதை மந்தமாகத்தான் வேலை செய்தது.

தூளுக்கு வருவோம். பைக்கற்றில் அச்சிட்டபடி குடத்துக்கு ஒரு கரண்டி போட்டேன். மறுநாளும் நீர் பால் போட்டது போலவே இருந்தது. அளவு மிஞ்சினால் ஒவ்வொரு துகளையும் சங்கிலிகள் முழுவதுமாக மூடிவிடும். அடுத்த துகளின் சங்கிலி வந்து பிடிக்க வெற்றிடம் இராது. துகள்கள் தனித்தனியே மிதக்கும். கையால் உரைக்கும்போது இவ்வளவு சாறு இறங்குவதில்லை. "நீரின் வன்மையையும் போக்கும்" என்றும் அதே பைக்கற்றில் இருந்தது. பொய். வன்மைக்குக் காரணமான, கரைந்திருக்கும் கல்சியத்தை இது அகற்றாது. தோட்டத்துப் பசளையிலிருந்து கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்றையும் அகற்றாது. நைத்திரேற்றைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கிருமிக்காக மட்டும், தெளிந்த நீரை வடித்துக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

விலை கையைக் கடிக்கவில்லை. பூச்சி துளைத்தவற்றை ஒதுக்கித் தரச் சொல்லி வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் பொறுக்கித் தருகிறார்கள்.