மட்டக்களப்புச் சாப்பாட்டுக் கடைகள்: ருசிக்கு அல்ல, மரியாதைக்கு ஒரு மதிப்பீடு

எந்தக் கடை இறால் கறி நல்ல உறைப்பு, எங்கே போனால் எருமைத் தயிர் கெட்டியாகக் கிடைக்கும் என்று மட்டக்களப்பில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கேட்காமலே சொல்லித் தருவார்கள். அதே கடைகளில் ஆளை ஆள் எப்படி நடத்துகிறார்கள் என்ற கதை மட்டும் "அங்க போகாதீங்க, மூஞ்சைக் காட்டுவான்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். மூஞ்சை காட்டுவதற்கு ஒரு நேரம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, அநேகமாகக் கடைக்குள்ளே அதற்கென்று ஓர் இடமும் இருக்கிறது. பஸ் நிலையச் சுற்று, திருமலை வீதி, கல்லடி, காத்தான்குடிப் பிரதான வீதி, தெற்கே களுவாஞ்சிகுடி தாண்டிக் கல்முனை வரைக்கும் நடப்பு பெரிய வித்தியாசமில்லை. கடைப் பெயர் போடவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தங்கமாக இருக்கிற கடை இரண்டு மணிக்குத் தகரமாகிவிடுவதால் பெயரால் வாசிப்பவருக்குப் பயனில்லை. கடையின் வகையும் நேரமும்தான் கணக்கு.

முதலில் மத்தியானச் சோத்துக் கடை. உட்கார்ந்ததும் "மீனா, கோழியா, மரக்கறியா?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். வெளியூர்க்காரருக்கு இது விரட்டுவது போல இருக்கும். விரட்டல் இல்லை. சோறு, பருப்பு, ஒரு வெள்ளைக்கறி, ஒரு வறை அல்லது சுண்டல், சம்பல், அப்பளம் எல்லாருக்கும் ஒன்று. விலையை ஏற்றி இறக்குவது அந்த ஒரு கறிதான். ஆகவே பரிமாறுகிறவருக்கு இரண்டு பதில் போதும்: எந்தக் கறி, இருந்து சாப்பிடவா பார்சலா. அதற்கு "என்ன எல்லாம் இரிக்கி?" என்று திருப்பிக் கேட்டால் அவர் பட்டியலை மனப்பாடமாக ஒப்புவிப்பார், நமக்கு அதில் பாதி விளங்காது, "என்னது?" என்போம், அவர் முகம் மாறும். வாசலில் கரும்பலகையில் கறியும் விலையும் எழுதிவைத்த கடைகளில் இந்தக் கூத்து இல்லை. சாப்பிட்டு முடித்துக் காசு மேசையில் நின்று "இறாலுக்கு இவ்வளவா?" என்று குரல் உயர்த்துவதும் அங்கே குறைவு. விலையைக் காட்சிக்கு வைப்பது சட்டப்படியும் கடைக்காரர் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. பலகை இல்லாத கடையில் உட்காரும்போதே "இறால் சாப்பாடு எவ்வளவு அண்ணன்?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம். கேட்டதற்காக முறைத்தால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போகலாம். கை இன்னும் நனையவில்லை.

சண்டை அதிகம் விளைகிற இடம் இரண்டாவது தடவை போடுவது. எழுதாத விதி ஒன்று உண்டு: இருந்து சாப்பிடுகிறவருக்குச் சோறு, பருப்பு, மரக்கறி, சொதி திரும்பப் போட்டால் காசில்லை. மீன் குழம்பில் குழம்பு மட்டும் கொஞ்சம், "ஒள்ளுப்பம் விடுங்க" என்றாலும் பெரும்பாலும் காசில்லை. துண்டு கேட்டால் காசு. பார்சலுக்கு இரண்டாவது தடவை என்ற பேச்சே கிடையாது. இந்த விதி எல்லாக் கடைக்கும் அப்படியே பொருந்தாது என்பதுதான் சிக்கல். அரிசி விலை ஏறிய பிறகு சில கடைகள் இரண்டாவது சோற்றுக்கும் கணக்கு எழுதுகின்றன. எழுதுவது பிழையில்லை, சொல்லாமல் எழுதுவதுதான் பிழை.

இன்னொன்று, கேட்காமலே மேசைக்கு வந்து சேரும் சின்னத் தட்டு. பொரித்த மீன், முட்டை, சில கடைகளில் இறால் வடை. காலையிலும் பின்னேரமும் தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸ், பற்றீஸ், கட்லட் அடுக்கிய தட்டும் இதே வழக்கம்தான். தொடாததற்குக் காசில்லை, தொட்டதற்குக் காசு, மிச்சத்தை எண்ணித்தான் பில். இது ஏமாற்று இல்லை. ஆனால் ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டைத் தள்ளிவிட்டுப் போவது ஏமாற்று மாதிரித் தெரியும். வேண்டாமென்றால் வைத்த கையோடு "இத எடுங்க தம்பி" என்று சொல்லிவிட வேண்டும். நாலு பேர் இருக்கிற மேசையில் யார் எதை எடுத்தார்கள் என்று கடைசியில் எண்ணுவது பரிமாறுகிறவருக்கும் தலையிடி. தொட்டுப் பார்த்துத் திரும்பவும் தட்டில் வைக்கிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இது மரியாதைக் கேடு மட்டுமில்லை, அந்தத் தட்டு அடுத்த மேசைக்குப் போகிறது. கண்ணாடி அலுமாரியில் வைத்து இடுக்கியால் எடுத்துக் கொடுக்கிற கடைக்கு இதற்காகவே ஒரு படி கூடப் போடலாம்.

நேரத்துக்கு வருவோம். 12.30க்குப் போனால் கறி முழுசு, ஆளும் முழுசு. 1.30 தாண்டியதும் வறை முடிந்து சம்பல் வழித்தெடுக்கிற நிலை. பரிமாறுகிற பொடியன் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டான். அவனுடைய சாப்பாடு இரண்டரைக்குப் பிறகு. 2.15க்கு நுழைந்து "சுண்டல் இல்லையா? அப்பளம் இல்லையா? பிறகென்ன கடை?" என்று கேட்கிறவருக்கு நல்ல வார்த்தை கிடைப்பது கஷ்டம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. விடிய ரொட்டி போட்டவனே மத்தியானம் சோறு போட்டு, இரவு மேசை துடைக்கிற கடைகளில் அந்தக் கணக்கு எங்கே போகிறது என்று முதலாளிமார்தான் சொல்ல வேண்டும். ஆளை இரண்டு முறையாகப் பிரித்து வைத்திருக்கிற கடைகளில் பின்னேரமும் பேச்சு பதமாகத்தான் இருக்கிறது. இது பயிற்சியால் வந்ததில்லை, ஓய்வால் வந்தது.

வெள்ளிக்கிழமை தனிக்கதை. ஜும்ஆ தொழுகைக்காகக் காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகள் பன்னிரண்டுக்கு முன்பின்னாகக் கதவைச் சாத்தி ஒன்றரையளவில் திறக்கும். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து "ஒரு பார்சல்தானே நானா" (நானா என்றால் அண்ணன்) என்று மன்றாடுவது இருவருக்கும் சங்கடம். அதே நேரத்தில் நகரத்துத் தமிழ்க் கடைகளில் மரக்கறிச் சாப்பாட்டுக்கு வரிசை. வெள்ளியில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், கறி அகப்பையை மாற்றிப் போடும்படி முதலிலேயே சொல்ல வேண்டும். மீன் குழம்பில் விட்ட அகப்பை பருப்புக்குள் போன பிறகு கத்தி என்ன செய்வது? நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பகலில் இல்லை. நோன்பு திறந்த உடனேயே போய் நின்று அவசரப்படுத்தாமல் மஃரிப் தொழுகை முடியும் வரை பொறுத்தால் நல்ல கவனிப்புக் கிடைக்கும்.

கொத்து ரொட்டிக் கடையில் கத்தல்தான் வேலை. இரண்டு தகடும் கல்லில் விழுகிற சத்தத்துக்குள் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. அந்தக் குரலைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விளங்க வேண்டியது வேலையின் ஒழுங்கு. எண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய். பிறகு லீக்ஸ், கரட், கோவா. முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, கிழித்த ரொட்டியைக் கொட்டி, இறைச்சியும் ஆணம் என்கிற குழம்பும் விட்டுக் கொத்துவது. கூட்ட நேரத்தில் மூன்று நாலு பேருடையதை ஒன்றாகப் போட்டுக் கொத்திப் பிறகு பிரிப்பார்கள். ஆகவே "உறைப்புக் குறைய" என்பதை ரொட்டி விழுந்த பிறகு சொன்னால் அது உங்களுடைய கொத்தை மட்டும் பாதிப்பதில்லை. குழந்தைக்கு உறைப்பில்லாமல் வேண்டுமென்றால் ஓடர் கொடுக்கும்போதே சொல்லி, அடுத்த கொத்துப் போடும் வரை காத்திருக்கச் சம்மதிக்க வேண்டும். சீஸ் கொத்துக்குப் பாலும் சீஸும் கல்லில் ஒட்டும், பிறகு சுரண்ட வேண்டும். அதனால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். உங்களை அலட்சியப்படுத்தி இல்லை.

கொத்துகிறவரிடம் நேரே ஓடர் சொல்லாதீர்கள். பக்கத்தில் துண்டுக் கடதாசியோடு நிற்கிறவரிடம் சொல்லி, "எனக்கு முந்தி எத்தின பேர்?" என்று ஒருமுறை கேட்டால் போதும். நல்ல கடை உண்மையான எண்ணைச் சொல்லும். மோசமான கடை எல்லாருக்கும் "அஞ்சு நிமிசம்" சொல்லும். இந்த அஞ்சு நிமிசம்தான் இந்தப் பக்கத்துக் கொத்துக் கடைகளின் மிகப் பெரிய குறை. போனில் சொன்ன ஓடரை வந்து நிற்கிறவருக்கு முன்னால் தூக்கிக் கொடுப்பது அடுத்த குறை. போன் ஓடருக்கும் வரிசை எண் எழுதி ஆணியில் குத்திவைக்கிற கடைகளில் முணுமுணுப்பு இல்லை.

மாடு சாப்பிடாதவர்களுக்கு ஒன்று. கோழியும் மாடும் ஒரே கல்லில்தான் பெரும்பாலான கடைகளில் கொத்துப்படுகின்றன. ஓடருக்கு முன் "மாடு போடுற கல்லா நானா?" என்று சாதாரணமாகக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள், கல்லைச் சுரண்டி வேறு தகடு எடுத்துக் கொத்தித் தருகிற கடைகளும் உண்டு. பொதியைக் கையில் வாங்கிய பிறகு சந்தேகப்பட்டு முகம் சுளிப்பது கொத்தினவருக்குப் பெரிய அவமானம்.

காத்தான்குடி, கல்முனைப் பக்கக் கடைகளில் பெண்களோடு வருகிறவர்களுக்குத் திரை போட்ட குடும்ப அறை இருக்கும். பரிமாறுகிறவர் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வருகிற பழக்கத்தில் இந்தக் கடைகளுக்கு முழுப் புள்ளி. உள்ளே இருப்பவர்கள் ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டு இருந்தால் வெளியே குழந்தையோடு நிற்கிற குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ஏசி ரெஸ்டூரன்ட் பற்றிச் சுருக்கமாகப் போதும். "சேர்", "மேடம்" தாராளம். சாப்பாடு வர முப்பது நிமிடம். பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதம் இருக்கும், அது அரசாங்க வரி இல்லை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அதை அறவிடக்கூடியது பதிவு செய்த நிறுவனம் மட்டுமே. பதிவு இலக்கம் பில்லில் இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் எடுத்த பிறகும் பில் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது பணிவில் சேராது.

கடைசியில் காசு மேசை. காலையில் முதல் ஆளாக 5000 ரூபாய்த் தாளோடு போய்ப் பிளேன்டீ குடித்தால் எந்தக் கடைக்காரருக்கும் எரிச்சல் வரும். மாத்திய காசுக்குப் பதிலாக டொபி தருவதும் அதே அளவு எரிச்சல். வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கியூஆரில் அனுப்பினால் கடைப் போனுக்கு மெசேஜ் வரும் வரை நிற்கச் சொல்வார்கள். அனுப்பியதாகப் பழைய படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் எல்லாருக்கும் அந்தக் காவல். உங்களைக் கள்ளன் என்பதாக எடுக்காதீர்கள். பொலித்தீன் சொப்பிங் பேக்குக்குக் காசு கேட்டாலும் கோபிக்க ஒன்றுமில்லை. 2025 நவம்பர் 1 முதல் அதை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலை பில்லில் வர வேண்டும் என்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டளை. தண்ணீர்ப் போத்தல் மட்டும் வேறு: 2025 ஏப்ரலில் 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை வந்தது. "கூலிங் சார்ஜ்" என்று பத்து இருபது கூட்டினால் அது கடைக்காரரின் பிழை.

வாடிக்கையாளர் பக்கம் மோசமானது விரல் சொடுக்குவதும், கிளாஸை மேசையில் தட்டுவதும், "டேய்" என்பதும். தமிழ்க் கடையில் "அண்ணன்", "தம்பி", முஸ்லிம் கடையில் "நானா", பெண் பரிமாறினால் "அக்கா", வயதில் சின்னவள் என்றால் "தங்கச்சி" என்றால் ஒருவரும் குறை காண மாட்டார்கள். தங்கச்சி என்று அழைத்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கதை வளர்ப்பது வேறு. கடைக்காரர் அப்படிப்பட்டவரை வெளியே போகச் சொன்னால் அதில் முதலாளிக்குத்தான் புள்ளி.

குறை சொல்வதென்றால் கூட்டத்துக்கு முன்னால் பொடியனைப் பிடித்துத் திட்ட வேண்டாம். அவன் கறியும் வைக்கவில்லை, விலையும் போடவில்லை. பில்லை எழுத்தில் கேளுங்கள், கேட்டால் தர வேண்டும். முதலாளியிடம் தனியாகக் காட்டுங்கள். அநேக இடங்களில் அங்கேயே கழித்துத் தருவார்கள். உச்ச விலைக்கு மேல் எடுத்தும் திருப்பித் தராவிட்டால் பில்லோடு அதே அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். சுத்தம் பற்றியதென்றால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்ல வேண்டும். 1977 அதற்கு இல்லை.