ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பிரேக் பேடு: பத்து வருட அனுபவம்

என் கார் 2014 மாடல், இதுவரை 1,05,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு நாமக்கல்லில். மனைவியின் ஊர் கொல்லிமலைச் செம்மேடு என்பதால் மாதம் இரண்டு முறையாவது காரவள்ளி வழியாக ஏறி இறங்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தப் பாதையில் பிரேக்கை நம்பித்தான் குழந்தைகளை உட்கார வைக்கிறேன்.

முன் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து நிறுத்துவதுதான் பேடு. அதில் முதல் செட் 42,000 வரை வந்தது. அடுத்த செட் 16,000த்திலேயே முடிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில், "மலையில ஓட்டுறீங்க, அப்படித்தான் தேயும்" என்றார்கள். நானும் சரி என்று மாற்றிக்கொண்டு வந்தேன். 9,000 ஓடியதும் மறுபடி கீச் சத்தம்! பல கார்களில் பேடோடு ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கத்தும். அந்தச் சத்தம்தான்.

இந்த முறை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பழைய மெக்கானிக் அண்ணனிடம் போனேன். இடது முன் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பேடையும் என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பக்கப் பேடில் 6 மில்லிமீட்டர் பாக்கி இருந்தது. உள்பக்கத்தில் இரும்புதான் மிச்சம். "தம்பி, பேடு மாத்துறது பெரிசில்ல. இது ஏன் இப்படித் தேஞ்சதுன்னு பாருங்க" என்று, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர உதவும் கம்பியான காலிப்பர் பின்னைப் பிடித்து இழுத்துக் காட்டினார். விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டிய பின், இடுக்கி போட்டும் வரவில்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, உள்ளே செம்மண் மாதிரி துரு. அந்தப் பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. பிஸ்டன் தள்ளும் உள்பேடு மட்டும் டிஸ்கை அழுத்திக்கொண்டே இருக்கும்.

சக்கர இடுக்கு வழியாக நாம் எட்டிப் பார்க்கும்போது தெரிவது வெளிப்பேடுதான். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் இருக்கிறது" என்று நானே பலமுறை நிம்மதியாக இருந்திருக்கிறேன். அடையாளங்களும் இல்லாமல் இல்லை. இடது சக்கரத்தில் மட்டும் கரித்தூள் அதிகமாக ஒட்டும். இறங்கி வந்து நிறுத்தியதும் கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்தச் சக்கரம் மட்டும் அனலடிக்கும்.

பின்னைத் துரு நீக்கி, புது உறை போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும் என்றார். டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்து பார்த்ததில் என்னுடையது தப்பித்தது. பேடை இடது, வலது இரண்டு முன் சக்கரத்திலும் சேர்த்தே மாற்றினோம். ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

நடுவில் நான் செய்த ஒரு தவறு: பிஸ்டனைத் தள்ளும் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதே என்று ஊற்றி வைத்திருந்தேன். பேடு தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. புதுப் பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது அது பொங்கி வழிந்தது. பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும் என்று அண்ணன் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுகிறேன்.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தோம். அப்புறம் காலி ரோட்டில் 60லிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை. புதுப் பேடு டிஸ்கில் படிய இது வேண்டும்.

அந்தச் செட் இன்றுவரை 38,000 ஓடியிருக்கிறது. போன வாரம் அளந்தேன்: உள்ளே 4, வெளியே 4 மில்லிமீட்டர். 3க்கு வந்ததும் மாற்றுவேன். பின் சக்கரங்களில் உள்ள டிரம் பிரேக்கைத் திறந்தபோது, அங்கே ஆயில் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் வலது வீல் சிலிண்டரின் ரப்பரில் லேசாகக் கசிவு தெரிந்தது. அதை மாற்றும்வரை மலைக்கு பஸ்ஸில்தான் போகிறோம்.